ஒரு பக்கத்தில் அடங்காத மனிதன்

ஒரு மனிதனைப் பற்றி எவ்வளவு அறிந்த பின் அவனைத் தீர்ப்பிடும் உரிமை நமக்குக் கிடைக்கிறது? இவ்வினாவை நாம் பெரும்பாலும் எழுப்பிக்கொள்வதில்லை. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட இந்தச் சமவெளியில், கிணற்று மேட்டிலும் தறிக்கூடத்திலும் தேநீர்க் கடையிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் வழங்கப்பட்டுவிடுகிறது. இவன் கஞ்சன், அவன் குடிகாரன், அவள் வாயாடி, இவள் மலடி. வழங்கியவர் மறுகணமே மறந்துவிடுவார். பெற்றவரோ அச்சொல்லைச் சுடுகாடு வரை சுமக்க வேண்டியிருக்கிறது.

நாவல் என்னும் இலக்கிய வகை இந்த ஒற்றைச் சொல்லோடு பிணங்கி நிற்பது. முந்நூறு பக்கம் எழுதியும் ஒருவனை முடித்துச் சொல்லிவிட இயலாது என்று காட்டுவதிலேதான் அதன் பெருமை அடங்கியிருக்கிறது. அதற்காக அது கையாளும் உத்திகளை நாம் வெறும் அழகு வேலைப்பாடாகக் கருதிவிடுகிறோம். வகுப்பறையில் 'நோக்குநிலை', 'நனவோடை', 'பின்னோக்கு', 'முரண்' என்று பட்டியலிட்டு மதிப்பெண் பெறுகிறோம். ஆனால் இந்த உத்திகள் ஒவ்வொன்றும் ஓர் அறநிலைப்பாட்டை உள்ளடக்கியவை என்பதை எண்ணிப் பார்த்தோமா? நம் மண்ணிலேயே பிறந்த ஒரு நாவலைக் கொண்டு இதனைச் சற்றே ஆராய விழைகிறோம்.

மறைவும் சிக்கலும்

ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927ஆம் ஆண்டு வெளியான தம் திறனாய்வு நூலில் கதைமாந்தரை இரு வகையாகப் பிரித்தார். ஒரே பண்பைச் சுற்றி அமைந்தவர் ஒரு வகை; பல பண்புகள் ஒன்றோடொன்று மோதும் இடமாக அமைந்தவர் மற்றொரு வகை. இரண்டாம் வகையினர் நம்மை வியப்பில் ஆழ்த்த வல்லவர். அவ்வியப்பு நம்பத்தக்கதாகவும் இருக்கும். நம் கல்லூரிப் பாடநூல்கள் ஒருநிலை மாந்தர், முழுநிலை மாந்தர் என்று இவர்களைக் குறிப்பிடுகின்றன.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்வது நல்லது. மறைந்திருப்பது வேறு, சிக்கலாக இருப்பது வேறு. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972) 'மலைக்கள்ளன்' என்றொரு நாவல் எழுதினார். 1954இல் அது திரைப்படமாகித் தமிழகமெங்கும் புகழ்பெற்றது. அதன் நாயகன் யார் என்பது நெடுநேரம் மறைக்கப்படுகிறது. ஆனால் வேடம் கலைந்ததும் புதிரும் தீர்ந்துபோகிறது. நல்லவன் நல்லவனாகவே வெளிப்படுகிறான். அது ஒரு வகை இன்பம்; அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. சிக்கலான மாந்தனிடமோ கலைப்பதற்கு வேடம் எதுவும் இல்லை. அவன் தன்னை மறைக்காமலேயே நமக்குப் புரியாமல் நிற்கிறான்; பல வேளைகளில் தனக்கும் புரியாமல் நிற்கிறான்.

கொங்கு மண்ணில் இத்தகைய மாந்தரைப் படைக்கும் மரபு நீண்டது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வெளிவந்தது. தமிழின் முதல் வட்டார நாவல் என்று திறனாய்வாளர் பலர் அதனைப் போற்றுவர். கணவனை இழந்த நாகம்மாள் தன் கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். கேட்பது நியாயம், கேட்கும் வழியில் கெட்டியப்பன் என்பவனின் நிழல் விழுகிறது, முடிவில் கொழுந்தன் சின்னப்பனின் உயிர் போகிறது. நாகம்மாளை நல்லவள் என்றோ தீயவள் என்றோ ஆசிரியர் எங்கும் முத்திரை குத்துவதில்லை. அவள் கேட்டதும், அதனால் விளைந்ததும் வாசகர் முன் அருகருகே வைக்கப்படுகின்றன. இம்மரபின் வழித்தோன்றலாகவே நாம் எடுத்துக்கொள்ளும் நாவலையும் காண வேண்டும்.

காளி என்னும் உழவன்

பெருமாள்முருகன் 1966இல் திருச்செங்கோட்டை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். கொங்கு வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கியவர். அவருடைய 'மாதொருபாகன்' 2010இல் வெளியாயிற்று. விடுதலைக்கு முற்பட்ட காலத்துத் திருச்செங்கோட்டுப் பகுதியில் கதை நிகழ்கிறது. காளியும் பொன்னாவும் கணவன் மனைவியர். ஒருவர்மீது ஒருவர் தீராத அன்புடையவர். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளை இல்லை. கதையின் துன்பம் முழுவதும் இந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

ஊரார் ஏளனம், உறவினர் இரக்கம், சடங்குகளில் விலக்கு, பங்காளிகளின் கண் சொத்தின்மீது பதிதல் என்று நாற்புறமும் நெருக்குதல். காளிக்கு இரண்டாந்தாரம் கட்டிவைக்கும் பேச்சும் எழுகிறது, அவன் மறுத்துவிடுகிறான். இறுதியில் அவன் தாய் சீராயியும் மாமியார் வல்லாயியும் வேறொரு வழியை முன்வைக்கிறார்கள். மலைக்கோயில் வைகாசித் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாளிரவு, பிள்ளையில்லாப் பெண்கள் முன்பின் அறியாத ஆடவரைத் தெய்வமாக எண்ணிக் கூடிப் பிள்ளைவரம் பெறும் வழக்கம் ஒன்று இருந்ததாக நாவல் கூறுகிறது. அதற்குப் பொன்னாவை அனுப்ப வேண்டும் என்பதே அந்த வழி. காளி உடன்படவில்லை. பொன்னாவின் அண்ணனும் காளியின் இளமைத் தோழனுமான முத்து அவனைக் குடிக்க அழைத்துச் சென்றுவிடுகிறான். கணவன் சம்மதித்துவிட்டான் என்று நம்பவைக்கப்பட்ட பொன்னா, திருவிழாவுக்குப் போகிறாள்.

இச்சுருக்கத்தைக் கேட்டவுடன் நம்முள் தீர்ப்புகள் எழுவது இயல்பே. அவற்றைச் சற்றே நிறுத்தி வைத்து, நாவல் இம்மனிதனை எவ்வாறு நமக்கு அறிமுகப்படுத்துகிறது என்பதைப் பார்ப்போம்.

உத்திகள் செய்யும் பணி

முதலாவது, கால வரிசை. நாவல் திருமணத்தில் தொடங்குவதில்லை. மாமனார் வீட்டு வாசலில் வளர்ந்து நிற்கும் பூவரசின் நிழலில் காளி கிடக்கும் காட்சியில் தொடங்குகிறது. திருமணமான புதிதில் அவனே நட்ட மரம் அது. மரம் தழைத்துப் பறவைகளுக்கு இடம் தருகிறது. நட்டவனின் குடும்பமோ துளிர்க்கவில்லை. ஆசிரியர் இவ்வொப்பீட்டை விளக்கி உரைக்க வேண்டிய தேவையே எழவில்லை. மரத்தைப் பார்க்கும் காளியின் கண்ணோடு நாமும் பார்க்கிறோம். அவன் நெஞ்சின் கனம் நமக்கும் ஏறிவிடுகிறது. பின்னர் நினைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒரு மனிதனின் இன்றைய மௌனத்துக்குப் பின்னே எத்தனை பழைய காயங்கள் உள்ளன என்பதை நேர்வரிசைக் கதை இவ்வளவு கூர்மையாக உணர்த்தியிருக்க முடியாது.

இரண்டாவது, நோக்குநிலை. கதைசொல்லி படர்க்கையில் பேசினாலும் காளியின் மனத்துக்குள் நுழைந்து அவன் சிந்தனையின் நடையிலேயே பேசுகிறார். பிறகு பொன்னாவின் மனத்துக்குள் சென்று அவ்வாறே செய்கிறார். எனவே ஒரே அவமானத்தை நாம் இருமுறை காண்கிறோம். ஏளனத்துக்கு அஞ்சிக் காளி ஊர்ப் பொதுவிடங்களைத் தவிர்த்துத் தன் தொண்டுப்பட்டியில் மாடுகளோடு அடைந்துகொள்கிறான். அது அவனுக்குப் புகலிடம். பொன்னாவுக்கு அத்தகைய பட்டி ஏது? சடங்கு வீட்டிலும் விதைப்புக் காட்டிலும் அவள் நேருக்கு நேர் நின்று பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது. காளியின் துயரத்தில் நாம் தோய்ந்திருக்கும் வேளையிலேயே, அவன் காணாத ஒன்றையும் கண்டுவிடுகிறோம்.

மூன்றாவது, துணைமாந்தர் வழி வெளிப்படுத்தல். நல்லுப்பையன் சித்தப்பா மணம் செய்துகொள்ளாதவர். ஊர் என்ன சொல்லும் என்று கவலைப்படாதவர். பிள்ளை இல்லாமையைப் பேரிழப்பாகக் கருதாதவர். காளி அவரை விரும்புகிறான். ஆனால் அவரைப்போல் வாழ அவனால் இயலவில்லை. வேறு வாழ்வு உண்டு என்று அறிந்தும் அதனை எட்ட முடியாமல் நிற்கும் ஒருவனை, அறியாதவனைப் பார்ப்பதுபோல் நாம் பார்க்க முடியாது.

நான்காவது, முரண். இங்கேதான் நாவல் தன் நாயகனிடம் கண்டிப்பாக நடந்துகொள்கிறது. திருமணத்துக்கு முன் முத்துவோடு அதே திருவிழாவுக்குச் சென்று வந்தவன் காளி. அன்று அவனுக்கு உறுத்தாத வழக்கம், இன்று தன் மனைவியைத் தொடும்போது தாங்க முடியாததாகிறது. அதுமட்டுமன்று. அக்கூட்டத்தில் சமூகம் தீண்டத்தகாதவர் என ஒதுக்கிய ஆடவரும் இருப்பார்கள் என்ற எண்ணமே அவனை அருவருப்புக்கு உள்ளாக்குகிறது. அன்புமிக்க கணவனின் நெஞ்சுக்குள்ளேயே சாதிச் செருக்கும் குடியிருக்கிறது. ஆசிரியர் இதனை ஒளிக்கவில்லை. இதற்காக அவனைக் கொடியவனாக மாற்றவும் இல்லை. அன்பும் செருக்கும் ஒரே கூரையின்கீழ் வாழ முடியும் என்ற கசப்பான உண்மையை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். சாதியுணர்வு ஆலய வாசலோடு நின்றுவிடுவதில்லை என்பதை அறிந்த நாம், காளியைக் கண்டு முகம் சுளிப்பதற்குமுன் சற்றே தயங்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஐந்தாவது, சொல்லாமை. நாவலின் உயிர்நாடி என ஓரிடத்தைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வோம். தாய் கூறிய வழியைக் குறித்துக் காளி பொன்னாவிடம் கேட்கிறான். நீங்கள் விரும்பினால், இந்தப் பிள்ளைக்காகப் போகிறேன் என்னும் பொருள்படப் பொன்னா விடை சொல்கிறாள். காளி முறிந்துபோகிறான். அவன் எதிர்பார்த்தது மறுப்பு. அவள் தந்தது கீழ்ப்படிதல். அவள் அறிந்த அளவில் அதுவே அன்பு. அவன் கேட்டது கேள்வியாகத் தோன்றினாலும், உள்ளே சோதனை. சோதிக்கப்படுகிறோம் என்பதை அறியாமலேயே அவள் தோற்றுப்போகிறாள். காளி தன் நோவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பின்னர் யாரும் அவளை ஏமாற்றியிருக்க இயலாது. கதையின் பேரிடர் அந்தச் சில நொடி மௌனத்தில் பிறக்கிறது.

ஆறாவது, முடிவின்மை. நடந்ததைக் காளி உணரும் இரவோடு நாவல் நின்றுவிடுகிறது. மீண்டும் ஒரு பூவரசின் அடியில் அவனை விட்டுவிட்டு ஆசிரியர் விலகுகிறார். வாசகர் பலர் பின்னர் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்க வேண்டும். 2014இல் ஆசிரியர் இரு தொடர்ச்சிகளை வெளியிட்டார். 'ஆலவாயன்' நாவலில் காளி உயிரை மாய்த்துக்கொண்டுவிடுகிறான். 'அர்த்தநாரி' நாவலில் உயிரோடு இருந்து பொன்னாவைத் தன் மௌனத்தால் தண்டிக்கிறான். ஒரே மனிதனுக்கு இரு முடிவுகள்! இரண்டும் முதல் நாவலின் காளியிடமிருந்து இயல்பாகவே வளர்கின்றன. ஒருவனை நாம் எவ்வளவு அறிந்தாலும் அவன் அடுத்து என்ன செய்வான் என்பது அவனுடைய உரிமையாகவே எஞ்சுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஓர் எழுத்தாளர் சொல்லிவிட முடியுமா?

ஒளிநகல் எடுத்த பக்கங்கள்

இந்நாவலுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். வெளிவந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின், 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு வெடித்தது. நூல் எரிக்கப்பட்டது. குறிப்பிட்ட பக்கங்கள் மட்டும் ஒளிநகல் எடுக்கப்பட்டு ஊரெங்கும் பரப்பப்பட்டன. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் ஆசிரியர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கோரக் கையெழுத்திட நேர்ந்தது. அதன்பின் தமக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று கூறி, எழுத்தாளர் மீண்டெழுந்து எழுத வேண்டும் என்னும் கருத்தில் தீர்ப்பளித்தது. அவரும் மீண்டும் எழுதினார்.

எதிர்த்தவர் அனைவரையும் கலை அறியாதவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அதுவும் ஒற்றைச் சொல் தீர்ப்பே ஆகும். உண்மையான ஊரின் பெயர், உண்மையான கோயில், உண்மையான திருவிழா ஆகியவை கதைக்குள் வரும்போது, அவ்வூர்ப் பெண்கள் தங்கள் பாட்டிமாரை எண்ணிப் புண்பட்டிருக்கக்கூடும். அந்நோவு பொய்யன்று. ஆயினும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: நோவுக்கு மருந்தாக எரிப்பும் மிரட்டலும் எப்படி அமைய முடியும்?

நம் தலைப்புக்கு நெருங்கியது அந்த ஒளிநகல்தான். சில பக்கங்களைக் கிழித்தெடுத்துப் படித்தால் கால வரிசை இல்லை, இரு மனங்களின் எதிரொலி இல்லை, பூவரசு இல்லை, நல்லுப்பையன் சித்தப்பா இல்லை, கேள்விக்கும் விடைக்கும் இடையே நின்ற மௌனம் இல்லை. உத்திகள் அனைத்தும் நீங்கியபின் எஞ்சுவது செய்தி மட்டுமே. அச்செய்தியில் பொன்னா 'போனவள்' ஆகிறாள், அவ்வளவுதான். பன்னிரண்டு ஆண்டு அன்பும் அவமானமும் காணாமற் போகின்றன. ஒரு நூலுக்கு அன்று செய்யப்பட்டதை நாம் நாள்தோறும் மனிதருக்குச் செய்துவருகிறோம். அண்டை வீட்டாரின் வாழ்விலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து நகலெடுத்துத் தெருவெங்கும் வழங்குவதற்கு நமக்கு எந்தப் பொறியும் தேவைப்படுவதில்லை. நாக்கு ஒன்றே போதுமானது.

திருவிவிலியத்தில் அன்னாவின் கதை நினைவுக்கு வருகிறது. தன் அன்பு பத்துப் பிள்ளைகளுக்கும் மேலானதல்லவா என்று எல்கானா அவளிடம் கேட்டான். அதற்கு அவள் விடை சொன்னதாக ஏட்டில் இல்லை. காளியின் வீட்டு மௌனத்துக்கு எவ்வளவு பழைய உறவு! ஆண்டவர் சந்நிதியில் அவள் உதடுகள் மட்டும் அசைவதைக் கண்ட குரு ஏலி, குடித்திருக்கிறாள் என்றே முடிவு கட்டினார். குருவே ஆனாலும் வெளித்தோற்றத்தில் நின்றால் தவறிவிடுகிறார். அவள் வாய்திறந்து சொன்ன பிறகே அவருக்கு விளங்கிற்று. உடனே வாழ்த்தி அனுப்பினார். கேட்டதும் மாறிக்கொண்டது அவருடைய பெருமை.

புரிந்துகொண்டால் மன்னித்தாக வேண்டுமா?

இவ்விடத்தில் நியாயமான தடையொன்று எழும். எல்லாரையும் உள்ளிருந்து பார்க்கத் தொடங்கினால் குற்றம் என்பதே இல்லாமற் போகாதா? கொலைகாரனுக்கும் ஒரு துயரம் இருக்கும். ஏமாற்றுபவனுக்கும் ஒரு காரணம் இருக்கும். எல்லாவற்றையும் அறிந்தால் எல்லாவற்றையும் மன்னிக்க நேரிடும் என்று பிரெஞ்சு நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. இது அன்பின் மொழியாகத் தோன்றினாலும், இதில் ஓர் ஆபத்தும் உண்டு.

'மாதொருபாகன்' இவ்வாபத்தில் விழவில்லை என்பதே நம் கருத்து. அது காளியைப் புரியவைக்கிறது. ஆனால் அவன் தவறு எங்கே இருக்கிறது என்பதைக் கல்வெட்டுப்போல் காட்டியும் விடுகிறது. சோதனையைக் கேள்விபோல் கேட்டது அவன் தவறு. தனக்கு விதித்துக்கொள்ளாத அளவுகோலை மனைவிக்கு விதித்தது அவன் தவறு. அவ்வாறே சீராயியும் வல்லாயியும் முத்துவும் நல்லெண்ணத்தோடு செயற்பட்டவர்களே. எனினும் ஒரு பெண்ணின் உடலையும் மனத்தையும் குறித்து அவளிடம் பொய் சொல்லி முடிவெடுத்தது தவறே. அவர்கள் அவளை நேசித்தார்கள் என்பதால் அப்பொய் உண்மையாகிவிடாது. காளிக்குத் தெரியாததும் பொன்னாவுக்குத் தெரியாததும் வாசகனுக்குத் தெரிந்திருக்கின்றன. அந்த அறிவு நமக்கு ஆறுதல் தருவதில்லை, பொறுப்பைத் தருகிறது.

எனவே புரிதல் தீர்ப்பை அழித்துவிடுவதில்லை, அதனைத் துல்லியமாக்குகிறது. பொன்னாவைக் கற்பிழந்தவள் என்றும் காளியைக் கையாலாகாதவன் என்றும் ஊர் வழங்கும் தீர்ப்பு, குறிதவறி நின்றவர்மேல் பாயும் அம்பு போன்றது. நாவல் வழங்கும் தீர்ப்போ செயலைத் தொட்டு, ஆளை விட்டுவிடுகிறது. பாவத்தையும் பாவியையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நாம் மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்பது எளிது, பழகுவது அரிது. அப்பழக்கத்துக்கு நாவல் ஒரு பயிற்சிக்களம் ஆகலாம். கதைமாந்தனிடம் பொறுமை காட்டினால் நமக்கு இழப்பு ஏதும் இல்லை. அப்பொறுமை கைவந்துவிட்டால் உயிருள்ள மனிதரிடமும் காட்டத் தொடங்கலாம்.

நமக்குரிய பணி

இன்று இச்சமவெளியின் தோற்றம் வெகுவாக மாறிவிட்டது. கட்டை வண்டிகள் போன சாலைகளில் சரக்குந்துகள் விரைகின்றன. மேட்டுக்காடுகளில் கோழிப்பண்ணைகள் எழுந்துள்ளன. நகரங்களில் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் திருமண வீட்டில் "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்ற கேள்வி மாறவில்லை. அன்போடுதான் கேட்கிறோம். கேட்கப்பட்டவள் அன்றிரவு எப்படி உறங்கினாள் என்பது நமக்குத் தெரிவதில்லை. அவள் கணவன் ஏன் உறவினர் வீட்டு விழாக்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான் என்பதும் தெரிவதில்லை. செருக்குப் பிடித்தவன் என்று அவனுக்கும் ஒரு சொல்லை வழங்கிவிட்டு நாம் பந்திக்கு விரைகிறோம்.

நம் பங்குகளிலும் அன்பியக் கூட்டங்களிலும் இத்தகைய பொன்னாக்களும் காளிகளும் நம்மருகே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய மனத்துக்குள் நுழைந்து நமக்கு எடுத்துரைக்க அங்கே கதைசொல்லி இல்லை. அவர்களின் பன்னிரண்டு ஆண்டுகளை ஒழுங்குபடுத்தித் தருவோரும் இல்லை. நாவலாசிரியர் நமக்காகச் செய்த உழைப்பை அங்கே நாமேதான் செய்தாக வேண்டும். கேள்வியைச் சோதனையாக்காமல் கேட்கவும், விடைக்குப் பின்னுள்ள மௌனத்துக்குச் செவிகொடுக்கவும், ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு நூலை மூடாதிருக்கவும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை ஒருவரைக் குறித்து ஒற்றைச் சொல் நம் நாவின் நுனிக்கு வரும்போது, அவருடைய வாசலில் நிற்கும் பூவரசை நாம் பார்த்திருக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமா?